முதற் சம்பளமும் முப்பது வயதும்

கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் மாணவன் கையிற் சான்றிதழ் இருக்கின்றது. சில ஆண்டுகளிற் சம்பளமும் வந்து சேருகின்றது. அச்சம்பளத்தை ஆளும் வகையை மாத்திரம் அவனுக்கு எவரும் முறைப்படக் கற்பிப்பதில்லை. கூட்டு வட்டிக் கணக்கைப் பரீட்சையிற் பிழையின்றிச் செய்தவன், கடன் பத்திரத்தில் அதே வட்டியைக் கணக்கிட்டுப் பாராது கையொப்பம் இடுகின்றான். தொழில் தேடும்போதும் அவ்வாறே. ஊரிற் பெரிதாகப் பேசப்படும் தொழிலை நாடுகின்றான். அத்தொழிலின் ஆயுள் எத்துணை என்று வினவுவதில்லை.

இருபது வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஒருவன் தேடிக்கொள்ளும் தொழிற்றிறனும் பணப் பழக்கமும் அவனை வாழ்நாள் முழுவதும் தொடர்வன. ஆதலின் இவ்விழா மலரிற் சில பக்கங்களை இப்பாடத்துக்கு ஒதுக்குதல் பொருந்தும் எனக் கருதுகின்றோம். பழைய மாணவர் இங்குக் கூறுவனவற்றைத் தம் அநுபவத்தோடு ஒப்பிட்டு நோக்குவாராக. இன்றைய மாணவர் தாம் தொடங்கவிருக்கும் வாழ்க்கைக்கு முன்னுரையாகக் கொள்வாராக. இத்துறையிற் பிறநாட்டார் எழுதிய நூல்கள் பல உள. ஆயினும் நமக்கு வேண்டிய முதற்பாடம் நம் குடாநாட்டின் வரலாற்றிலேயே கிடக்கின்றது.

1. திறந்த வாயில்களும் அடைபட்ட வாயில்களும்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் நம்முடையது. கிணற்று நீரையும் மாரி மழையையும் நம்பிப் பயிர் செய்த மக்கள், சிறு காணித் துண்டுகள் பிள்ளைகளுக்குப் போதா எனக் கண்டு, கல்வியையே முதலாகக் கொண்டனர். அம்முதலைக் கொண்டு அவர்கள் புகுந்த வாயில்கள் நான்கினை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது மலாயா. 1885இல் தைப்பிங்கிலிருந்து முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1896இல் மலாய்க் கூட்டரசு அமைந்தது. புகையிரதப் பகுதிக்கும் பொதுவேலைப் பகுதிக்கும் நில அளவைக்கும் ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞரும் தொழில்நுட்பத்தினரும் தேவைப்பட்டனர். நம் இளைஞர் கப்பலேறினர். அவர்கள் அனுப்பிய மணியோடரால் ஓலை வேய்ந்த வீடுகள் ஓட்டு வீடுகளாயின. கோயில்களும் பாடசாலைகளும் எழுந்தன. 1941 டிசெம்பரில் யப்பானியப் படை மலாயாவிற் புகுந்தது. 1945 வரை போக்குவரத்து அறுந்து கிடந்தது. மாதந்தோறும் தபாற்காரனை எதிர்நோக்கிய வீடுகள் பல, அவ்வாண்டுகளில் நகையை விற்று உண்டன. 1957இல் மலாயா சுதந்திரம் எய்தியபின் அந்நாட்டு உத்தியோகங்கள் இயல்பாகவே அந்நாட்டு மக்களைச் சேர்ந்தன.

இரண்டாவது இலங்கை அரசாங்க சேவை. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்ற பழமொழி நம்மூரிற் பிறந்ததற்குக் காரணம் உண்டு. மாதச் சம்பளமும், ஓய்வின்பின் பென்சனும், பெண் கொடுப்போர் மத்தியில் மதிப்பும் அவ்வொரு வாயிலாற் கிடைத்தன. 1905இற் காங்கேசன்துறை வரை புகையிரதம் வந்தபின் கொழும்புக் கந்தோர்கள் அண்மையவாயின. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. உள்ளே இருந்தோர் சிங்களப் பரீட்சையை எதிர்நோக்கினர். வெளியே நின்றோருக்கு வழி ஒடுங்கிற்று. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று கூறியது. ஆயின் இடைப்பட்ட முப்பதாண்டுகளில் ஒரு தலைமுறை இளமையைக் கழித்துவிட்டது.

மூன்றாவது நம் தோட்டமே. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தமையால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. படித்த வாலிபர் பலர் மண்வெட்டி ஏந்தினர், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினர், கல்வீடு கட்டினர். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. பிறநாட்டு வெங்காயமும் மிளகாயும் சந்தையிற் குவிந்தன, விலை சரிந்தது.

நான்காவது, 1983இன் பின் மேனாடுகளுக்குச் சென்ற பெருவழி. உயிர் காக்கப் புறப்பட்டோர் நாளடைவிற் குடும்பங்களையும் காத்தனர். இன்றும் குடாநாட்டின் பல வீடுகளில் அடுப்பு எரிவது அப்பணத்தாலேதான். அவ்வாயில் இன்னும் முற்றாக அடைபடவில்லை. எனினும், அனுப்புவோர் முதுமை அடைகின்றனர். அவர்தம் பிள்ளைகள் வேற்று மண்ணிற் பிறந்தவர்கள். இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாயில்களுட் புகுந்தோர் பிழை செய்தவரல்லர். காலம் அறிந்து புகுந்தவர்களே. ஆனால் எவ்வாயிலும் ஒரு தலைமுறைக்காலமே அகலத் திறந்திருந்தது. ‘என்றும் இப்படியே’ என்று இருந்த குடும்பம் வாயில் அடைபட்ட அன்று தத்தளித்தது. திறந்திருந்த காலத்திலேயே வேறொன்றைக் கற்றும் மிச்சம்பிடித்தும் வைத்த குடும்பம் தாங்கிக்கொண்டது. இந்த ஒரு வேறுபாட்டையே இக்கட்டுரையின் கருப்பொருளாகக் கொள்கின்றோம்.

2. தூக்கிச் செல்லக்கூடிய செல்வம்

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் செம்மணி வழியே தென்மராட்சி நோக்கி நடந்தனர். வீடு அங்கே நின்றது. தோட்டம் அங்கே நின்றது. கடையிற் கிடந்த சரக்கும் அங்கே கிடந்தது. உடன் வந்தவை கழுத்திற் கிடந்த நகை, பையிலிருந்த உறுதியும் சான்றிதழும், தலைக்குள்ளும் கைகளுக்குள்ளும் இருந்த தொழில் ஆகியவையே. மேசனும் தாதியும் தையற்காரியும் ஆசிரியரும் புதிய இடத்திலும் சில வாரங்களில் தொழில் கண்டனர். எவராலும் பறிக்கவொண்ணாத முதல் எது என்பதை நம்மக்கள் அன்று கால்நடையாகக் கற்றனர்.

ஆகவே இருபது வயதிற் கிடைக்கும் முதல் உத்தியோகத்தைச் சம்பளத்தால் மட்டும் அளத்தல் ஆகாது. ஐயாயிரம் ரூபாய் கூடத் தந்து ஒரே வேலையை நாடோறும் செய்விக்கும் இடம் ஒன்று; சற்றுக் குறையத் தந்து கணக்கும் கடிதமும் கருவியும் வாடிக்கையாளரோடு பழகும் முறையும் கற்பிக்கும் இடம் மற்றொன்று. இளமையில் இரண்டாவதே இலாபம் உடையது. ஐந்தாண்டின்பின் ‘நான் யாது செய்ய வல்லேன்’ என்ற வினாவுக்கு முதலிடத்தில் இருந்தவனிடம் விடை இராது.

தொழிற்கல்வியைத் தாழ்வாக எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் நீங்கவில்லை. தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. மின்னிணைப்பு, ஒட்டுவேலை, குளிரூட்டிப் பராமரிப்பு முதலியவற்றில் அத்தகைமை பெற்ற இளைஞன் ஊரிலும் பிழைப்பான், நாடு கடந்தும் பிழைப்பான். மொழியும் அத்தகையதே. தமிழோடு ஆங்கிலமும் சிங்களமும் பேசவும் எழுதவும் வல்லவனுக்கு இத்தீவின் எப்பாகத்திலும் கதவு திறக்கும். 1956இன் கசப்பு நமக்கு மறக்கத்தக்கதன்று. ஆயினும் ஒரு மொழியைக் கற்க மறுப்பதால் அக்கசப்புத் தீராது, நம் பிள்ளையின் வழியே குறுகும்.

அரசாங்க நியமனம் வரும்வரை வேறு தொழிலைத் தொடாது காத்திருக்கும் வழக்கத்தையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னர்ப் பல வாரங்கள் அமர்ந்து போராடினர். அவர்தம் கோரிக்கையில் நியாயம் இல்லை என்று எவரும் கூறார். நாம் கூறுவது இவ்வளவே: விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காலத்திலும் கையில் ஒரு தொழில் இருத்தல் வேண்டும். இருபத்தைந்து வயதில் இழந்த மூன்றாண்டுகளை ஐம்பத்தைந்து வயதில் எந்த அரசாங்கமும் திருப்பித் தாராது.

3. பிடியரிசி முறை

சேமிப்பு என்றவுடன், செலவு போக மிஞ்சியதை வைப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். நம் பாட்டிமார் அவ்வாறு எண்ணவில்லை. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இட்டனர். சமைத்து உண்டபின் மிஞ்சியதை இட்டாரல்லர். அப்பிடியரிசி திரண்டு கோயிற் பணிக்கும் சைவப் பாடசாலைகளை நடத்துதற்கும் உதவிற்று. சம்பளத்திலும் இம்முறையே தக்கது. பணம் கைக்கு வந்த அன்றே பத்தில் ஒரு பங்கையேனும் வேறு கணக்குக்கு மாற்றிவிடுக. மீதியே அம்மாதச் சம்பளம் என எண்ணுக.

இளமையிலே தொடங்குவதன் பயனை ஒரு கணக்காற் காட்டுவோம். இருவர் மாதம் 5,000 ரூபாய், அஃதாவது ஆண்டுக்கு 60,000 ரூபாய், சேமிக்கின்றனர் என்க. வட்டி ஆண்டுக்கு 8 வீதம் என்றும், ஆண்டிறுதியில் இடப்படுகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். முதலாமவன் 22 வயதில் தொடங்கி 32 வயது வரை இட்டுப் பின் ஒரு சதமும் இடாது, தொகையைத் தொடாமல் விடுகின்றான். இரண்டாமவன் 32 வயதில் தொடங்கி 55 வயது வரை இடைவிடாது இடுகின்றான். முதலாமவன் இட்டது 6 இலட்சம். இரண்டாமவன் இட்டது 13 இலட்சத்து 80 ஆயிரம். 55 வயதில் முதலாமவன் கையில் ஏறக்குறைய 51 இலட்சம் இருக்கும். இரண்டாமவன் கையில் ஏறக்குறைய 36½ இலட்சமே இருக்கும். பாதிக்கும் குறைய இட்டவன் கூடப் பெற்றான். அவன் தொகைக்குக் கிடைத்த காலமே இவ்வேறுபாட்டைச் செய்தது.

தனியார் நிறுவனங்களில் வேலை செய்வோருக்குச் சட்டமே ஒரு பிடியரிசிப் பானை வைத்திருக்கின்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980இல் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். 50,000 ரூபாய்ச் சம்பளக்காரனிடம் 4,000 ரூபாய் கழிக்கப்படுகின்றது. அவன் பெயரிலே மொத்தம் 11,500 ரூபாய் சேருகின்றது. கடையிலோ சிறு நிறுவனத்திலோ சேரும் இளைஞர், ‘சேமலாப நிதி கட்டுவீர்களா’ என்று கேட்கக் கூச்சப்படுகின்றனர். கேட்டே ஆகவேண்டும். அது பிறர் தரும் சலுகை அன்று. உழைத்தவனுடைய ஊதியத்தின் ஒரு பகுதி.

4. கடன் என்னும் கயிறு

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமையில் ஒற்றி என்னும் முறை இடம்பெறுகின்றது. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அநுபவிப்பான். முதல் திரும்பும்வரை காணி அவன் கையில் இருக்கும். அம்முறையில் ஒரு நன்மை இருந்தது. தன் காணித் தேங்காயும் புகையிலையும் ஆண்டுதோறும் அயல் வீட்டுக்குச் செல்வதைக் கடன்பட்டவன் கண்ணாற் கண்டான். இன்றைய தவணைக் கடனில் அக்காட்சி இல்லை. வட்டி மறைந்து நிற்கின்றது.

2009இல் யுத்தம் முடிவுற்றபின் நிதி நிறுவனங்களும் லீசிங் கம்பனிகளும் வடக்கில் விரைந்து பெருகின. மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் தவணைக்கு வந்தன. அத்தவணையின் உட்பொருளை ஆராய்வோம். 500,000 ரூபாய்க் கடன், ‘14 வீதந்தான் வட்டி’ என்கின்றனர், நான்காண்டுத் தவணை. முழுத்தொகைக்கும் நான்காண்டுக்கும் வட்டி கணக்கிட்டால் 280,000 ரூபாய். மொத்தம் 780,000 ரூபாயை 48ஆற் பிரித்தால் மாதம் 16,250 ரூபாய். ஆனால் மாதந்தோறும் முதலின் ஒரு பகுதியைத் திருப்புகின்றோம் அல்லவா? மூன்றாண்டின்பின்னும் முழு ஐந்து இலட்சத்துக்கே வட்டி கட்டுவது எங்ஙனம் முறையாகும்? குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 24 வீதம். கையொப்பம் இடுமுன் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: ‘இவ்வட்டி முழுத்தொகைக்கா, மீதித் தொகைக்கா?’ இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் பள்ளிக்கூடத்திற் கற்ற கணக்கு வீணாகவில்லை.

நுண்கடன் பட்ட கிராமத்துப் பெண்களின் துயரம் 2018இல் அரசாங்கமே தலையிடும் அளவுக்கு முற்றியது. ஒரு கடனை அடைக்க மறுகடன், அதனை அடைக்க மூன்றாவது கடன் என்று சென்ற சங்கிலி அது. கடன் எல்லாம் தீது என்று நாம் கூறவில்லை. வருவாய் தரும் கருவிக்கும் கல்விக்கும் அளவறிந்து கடன்படலாம். கொண்டாட்டத்துக்கும் கோலத்துக்கும் கடன்படல் ஆகாது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பார்க்கும் கொடுகடன் தகவற் பணியகத்தின் அறிக்கையில் இருபது வயதிலே தவறவிட்ட தவணை பதிந்திருந்தால், முப்பது வயதில் வீடு கட்டக் கடன் கேட்கும்போது அது முன்னே வந்து நிற்கும். நண்பனுக்குப் பிணை நிற்போரும் இதனை மனங்கொள்க. பிணைக் கையொப்பம் கடன் கையொப்பமே.

காணியை ஈடு வைத்து முகவரிடம் பணம் கொடுத்துக் கடல் கடக்க முயல்வோரைப் பற்றியும் ஒரு சொல். வேலைக்குச் செல்வோர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அம்முகவருக்கு அநுமதிப் பத்திரம் உண்டா என்று முதலில் விசாரித்தறிக. பயணம் தவறினால் போவது பணம் மட்டுமன்று. பெற்றோர் குடியிருக்கும் நிலமும் உடன் போகும்.

5. குடும்பக் கடமையும் சீதனமும்

பிறநாட்டு நூல்களில் இல்லாத அதிகாரம் ஒன்று நம் இளைஞன் வாழ்க்கையில் உண்டு. அவன் சம்பளம் அவனுடையது மட்டுமன்று. தங்கை இருவருக்குச் சீதனம் தேடுவதற்காக முப்பத்தைந்து வயதுவரை உழைத்துத் தேய்ந்த அண்ணன்மாரை நாம் எல்லோரும் அறிவோம். தன் திருமணத்திற் பெற்ற சீதனத்தை அப்படியே தங்கையின் சீதனமாக அடுத்த வீட்டுக்கு அனுப்பிய கதைகளும் பல. அவர்தம் தியாகம் போற்றத்தக்கது. அத்தியாகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கோரும் வழக்கம் போற்றத்தக்கதன்று.

இதற்கு இளைஞர் செய்யத்தக்கன மூன்று. ஒன்று, தங்கையின் கல்விக்கும் தொழிலுக்கும் முதலிற் செலவிடுக. சம்பாதிக்கும் பெண்ணின் கையிலுள்ள தொழில் எந்த வீட்டுக்குச் சென்றாலும் அவளுடையதே. இரண்டு, மாதம் இவ்வளவு வீட்டுக்கு, இவ்வளவு சேமிப்புக்கு என்று பெற்றாரோடு இருந்து பேசி முடிவு செய்க. சொல்லாமற் கொடுப்பதும் சொல்லாமல் மறைப்பதும் ஒருங்கே மனத்தாங்கலில் முடியும். மூன்று, தான் மணம் செய்யும்போது சீதனம் கேளாதிருக்க. சங்கிலியை எங்கேனும் ஒருவன் அறுத்தால்தான் அது அறும். சாமத்தியச் சடங்குக்கும் கலியாண மண்டபத்துக்கும் கடன்பட்டுச் செய்யும் ஆடம்பரத்தையும் அவனே முதலிற் குறைக்கலாம்.

6. சேர்த்ததை எங்கே வைப்பது

முதலில், நோயோ வேலையிழப்போ நேர்ந்தால் ஆறு மாதம் குடும்பம் உண்ணப் போதிய தொகை, கேட்டவுடன் எடுக்கத்தக்க சேமிப்புக் கணக்கில் இருத்தல் வேண்டும். அதன்பின்னரே பிற.

சீட்டு நம் ஊரின் பழைய வங்கி. 20 பேர் மாதம் 10,000 ரூபாய் இட்டால் தொகை 200,000. அவசரக்காரன் முதல் மாதத்தில் 40,000 ரூபாய் கழிவு விட்டு 160,000 ரூபாயோடு செல்வான். பொறுத்திருப்பவன் அக்கழிவிற் பங்கு பெற்று இறுதியில் முழுத்தொகையை எடுப்பான். ஆகவே முன்னே எடுப்பவன் கடனாளி. பின்னே எடுப்பவன் கடன் கொடுத்தவன். தான் எவ்விடத்தில் நிற்கின்றான் என்பதை அறிந்து சேர்தல் வேண்டும். சீட்டு நடத்துபவரின் நாணயமே இங்கு முழுப் பிணை.

நாணயத்தை ஒழுங்குமுறையோடு இணைத்த பெருமை கூட்டுறவு இயக்கத்துக்கு உரியது. 1911இல் இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபின் குடாநாடெங்கும் சங்கங்கள் முளைத்தன. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய வீரசிங்கம் அவர்கள் அவ்வியக்கத்துக்கு ஆற்றிய தொண்டினை யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் இன்றும் நினைவூட்டுகின்றது. மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை சிறு பங்குகள் கூடிச் செய்யவல்லதற்குச் சான்று.

அளவுக்கு மிஞ்சிய வட்டி தருவதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கை வேண்டும். 2008இல் இலங்கையிற் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோரின் வைப்பு அகப்பட்டுக்கொண்டது. மத்திய வங்கியின் அநுமதி பெற்ற நிறுவனந்தானா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். ‘இருவரைச் சேர்த்துவிடு, பணம் வரும்’ என்னும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. அவற்றிற் சேர்வதும் சேர்ப்பதும் உறவினரை வஞ்சிப்பதாகவே முடியும்.

2022 மற்றொரு பாடம் கற்பித்தது. ஏப்ரில் 12ஆம் நாள் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்திற்று. மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாய் அளவுக்கு ஏறிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைகள் முன்னைய ஆண்டினும் ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்தன. மேலே நாம் காட்டிய 51 இலட்சக் கணக்கும் விலையேற்றத்துக்கு உட்பட்டதே என்பதை மறைத்தல் முறையன்று. ஆகையால் எல்லாப் பணத்தையும் ஒரே வடிவத்தில் வையாதிருக்க. ஒரு பங்கு வைப்பு, ஒரு பங்கு சிறிது பொன், ஒரு பங்கு காணி அல்லது தொழிற்கருவி எனப் பிரித்து வைக்க. பொன்னிலும், நகையாக வாங்குவோர் செய்கூலியையும் சேதாரத்தையும் விற்கும்போது இழப்பர் என்பதை நினைவிற் கொள்க. விலையேற்றத்தோடு தானும் ஏறவல்ல முதல் ஒன்று உண்டு. அது முன்னே நாம் கூறிய தொழிற்றிறனே. நல்ல மேசனின் நாட்கூலி விலைகளைத் தொடர்ந்து உயர்வதை யாவரும் காண்கின்றோம்.

7. தொகுத்துரைப்பின்

முப்பதாவது பிறந்தநாளில் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஐந்து கேள்வி கேட்பாராக. இப்போதைய வேலை நாளை நின்றால் வேறு எதனாற் பிழைப்பேன்? தமிழ் நீங்கலாக எத்தனை மொழியில் ஒரு கடிதம் எழுதுவேன்? ஆறு மாதச் செலவு என் கணக்கில் உண்டா? என் கடனின் உண்மையான வட்டியை நான் அறிவேனா? என் உழைப்பால் என் வீட்டில் ஒருவரேனும் தம் காலில் நிற்க வல்லவர் ஆயினரா? ஐந்துக்கும் நல்விடை கூறுவோன் பெருஞ் செல்வன் அல்லனாயினும் அஞ்ச வேண்டியவன் அல்லன்.

நம் முன்னோர் கப்பலேறியும் கந்தோர் ஏறியும் மண் கொத்தியும் பனி மிதித்தும் தேடிய பொருளின் ஒரு பங்குதான் இக்கல்லூரிக் கட்டடங்களாய் நிற்கின்றது. அவர்களுக்கு வாயில்கள் அடைபடும்போது அறிவிப்பவர் எவரும் இருக்கவில்லை. அவர்தம் அநுபவம் நமக்கு அறிவிப்பாக இருக்கின்றது. இன்று முதற் சம்பளம் பெறும் மாணவர், அதில் ஒரு பிடியை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியை வீட்டிற் கொண்டுசென்று கொடுப்பாராக. அதுவே இவ்விழா ஆண்டில் அவர் தமக்கும் தம் குடும்பத்துக்கும் செய்யும் நன்று.